செரம் தீவின் பொன்வண்டு

செரம் தீவு இயற்கை ஆய்வாளர் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸுக்குக் கைகொடுக்கவில்லை. 1859 அக்டோபர் கடைசியில் அம்பனிலிருந்து கடல் கடந்து அங்கே போனார். மொலுக்கஸ் தீவுகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று, நடுவில் மலை, மலையெல்லாம் காடு. பூச்சியும் பறவையும் குவிந்து கிடக்கும் என்று எதிர்பார்த்தார். உள்ளே போனால் ஆறு, அதைக் கடந்தால் மறுபடியும் ஆறு. கூழாங்கல்லிலும் தண்ணீரிலும் நடந்து காலணிகள் பிய்ந்துபோயின. அந்தக் காட்டுக்கே பேர்போன சிற்றுண்ணிகள் கடித்து உடம்பெல்லாம் தடித்துப் புண்ணாகி, அம்பனுக்குத் திரும்பிய பிறகு வாரக்கணக்கில் வீட்டோடு முடங்கிக் கிடந்தார். 1860 தொடக்கத்தில் இரண்டாம் முறையும் போனார். அலைச்சலுக்கு ஏற்ற வரவு இல்லை என்ற மனக்குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது.

அந்த மனக்குறைக்கு நடுவே கிடைத்தவற்றில் ஒன்று ஒரு வண்டு. பெலியோனோடா சம்ப்டுவோசா என்பது அதன் அறிவியல் பெயர். மூவண்ணப் பொன்வண்டு என்று சொல்லலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் வேல இலை போட்டு வளர்க்கும் பொன்வண்டின் குடும்பம்தான் இதுவும். பிடித்தவர் வாலஸா, அவரோடு சுற்றிய ஆட்களில் ஒருவரா என்பது பெரிய விஷயமில்லை. பிடிபட்ட வண்டு ஊசியேறியது, பெட்டிக்குள் போனது. அதன் பிறகு அது கடந்த தூரம் உயிரோடு பறந்திருந்தால் ஒருபோதும் கடந்திருக்காது.

வாலஸ் பணக்காரர் இல்லை. பூச்சி பிடித்து லண்டனுக்கு அனுப்பி, அது விற்ற காசில் அடுத்த தீவுக்குப் படகு அமர்த்தியவர். அவருக்காக லண்டனில் விற்றுக்கொடுத்த முகவர் சாமுவேல் ஸ்டீவன்ஸ். 1852இல் அமேசானிலிருந்து திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்து வாலஸின் சேகரிப்பு எரிந்துபோனது; ஸ்டீவன்ஸ் முன்யோசனையோடு காப்பீடு எடுத்து வைத்திருந்ததால் ஆள் தப்பித்தார். இரண்டே ஆண்டுகளில் மறுபடியும் புறப்பட்டு 1854இல் சிங்கப்பூரில் இறங்கினார். எட்டு ஆண்டுகள் தீவு தீவாகத் திரிந்து அவர் சேர்த்தவை 1,25,660 மாதிரிகள். அதில் வண்டுகள் மட்டும் 83,200.

எண்ணிக்கையைப் படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறோம். ஒவ்வொரு வண்டுக்கும் ஓர் ஊசி, ஒவ்வொன்றுக்கும் எந்தத் தீவு என்று குறித்த சிறு சீட்டு. வாலஸின் பூச்சிகளில் இந்தச் சீட்டு பெரும்பாலும் வட்டமாகக் கத்தரித்ததாக, கையெழுத்தில் இடப்பெயரின் சுருக்கத்தோடு இருக்கும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். எறும்புக்குத் தெரிந்தால் ஓர் இரவில் கூடு மட்டும் மிஞ்சும். நியூ கினியின் டோரேயில் எறும்புகள் மேசை மேலேயே ஏறி, கையில் வைத்திருந்த பூச்சியையே இழுத்துக்கொண்டு போயின என்று எழுதியிருக்கிறார். இதையெல்லாம் தாண்டி லண்டன் சேர்ந்த ஒவ்வொரு வண்டும் அதிர்ஷ்டசாலி. கடல்வழியும் நீளம்: சூயஸ் கால்வாய் அப்போது வெட்டி முடியவில்லை. அது திறந்தது 1869இல்.

செரம் வண்டு கடைசியில் நிலைபெற்ற இடம் ஆக்ஸ்ஃபோர்டு. அங்கே 1849இல் ஃபிரெடரிக் வில்லியம் ஹோப் என்ற பூச்சி ஆர்வலர் தன் சேகரிப்பைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தார். அதையும் பிற அறிவியல் சேகரிப்புகளையும் வைக்க இடம் வேண்டுமே; புது அருங்காட்சியகம் கட்டினார்கள். 1860 ஜூனில் அந்தக் கட்டடத்தில்தான் டார்வினின் கொள்கையைப் பற்றி ஹக்ஸ்லியும் பிஷப் வில்பர்ஃபோர்ஸும் மோதிக்கொண்டார்கள். அதே கொள்கையைத் தனியாகக் கண்டடைந்து டார்வினுக்கு எழுதியனுப்பிய வாலஸ் அந்த நேரத்தில் செரத்தை விட்டுப் புறப்பட்டுக் கடலில் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வண்டுக்கு இல்லாத வரலாற்று உணர்ச்சி எனக்கு இந்த இடத்தில் வந்துவிடுகிறது.

பிறகு நூற்றைம்பது ஆண்டுகள் இழுப்பறை. ஆய்வாளர் ஒருவர் எப்போதாவது இழுத்துப் பார்ப்பார், மூடுவார். சுமார் ஐம்பது லட்சம் பூச்சிகளில் ஒன்று.

இந்தக் காலம் முழுக்க ஒளிப்படக் கலை வளர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் இந்த மாதிரி ஒரு வண்டைத் தலைமுதல் வால்வரை தெளிவாகப் படமெடுக்க ஒரு தடை குறுக்கே நின்றது. மேக்ரோ படம் எடுத்துப் பார்த்த எவருக்கும் அந்தத் தடை தெரியும். ஒரு மூக்குத்தியை மேக்ரோ லென்ஸில் நெருங்கிப் பாருங்கள். முன்கல்லின் பட்டை தெளிந்தால் பின்னாலுள்ள திருகு கரைந்துவிடும். திருகைத் தெளிவாக்கினால் கல் வெறும் ஒளிப்பொட்டு. இரண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான். அந்தச் சில மில்லிமீட்டரைக் கூட லென்ஸ் ஒரே பார்வையில் அள்ளித் தராது. இதைத்தான் படக்காரர்கள் டெப்த் ஆஃப் ஃபீல்ட் போதவில்லை என்கிறார்கள்.

பொருள் எவ்வளவு பெரிதாகச் சென்சாரில் விழுகிறதோ அவ்வளவு வேகமாக இந்தத் தெளிவின் ஆழம் சுருங்கும். பொருளின் பத்தில் ஒரு பங்கு அளவில் படம் விழும்படி, லென்ஸின் துளையான அப்பர்ச்சரை எஃப் 8 என்று வைத்து எடுத்தால், வழக்கமான கணக்குப்படி முன்னும் பின்னுமாக ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குத் தெளிவு கிடைக்கும். நெருங்கிப் போய், பொருள் எவ்வளவோ அதே அளவில் சென்சாரில் விழும்படி எடுத்தால், அதே எஃப் 8இல் கிடைப்பது ஒரே ஒரு மில்லிமீட்டர். பத்து மடங்கு உருப்பெருக்கத்துக்கு ஐம்பது மடங்கு இழப்பு.

அப்பர்ச்சரைச் சுருக்கினால் ஆழம் கூடுமே என்று எல்லாரும் கேட்பார்கள். கூடும், ஓரளவு வரை. எஃப் 22 என்று லென்ஸில் திருகி, ஒன்றுக்கு ஒன்று அளவில் எடுக்கும்போது லென்ஸ் சென்சாரிலிருந்து தள்ளிப் போய்விடுவதால் உண்மையில் அது எஃப் 44ஐப் போலத்தான் வேலை செய்யும். அவ்வளவு சிறிய துளை வழியே வரும் ஒளி விளிம்பில் வளைந்து பரவும். ஒரு புள்ளி புள்ளியாக விழாமல் ஏறக்குறைய 60 மைக்ரான் அகலமுள்ள வட்டாக விழும். இன்றைய நல்ல சென்சாரில் ஒரு பிக்சல் 5 மைக்ரானை ஒட்டி இருக்கும். அப்படியானால் ஒரு புள்ளி பன்னிரண்டு பிக்சல் அகலத்துக்கு இழுகிவிடுகிறது. முன்பு மூக்குத்தியின் திருகு மட்டும் மங்கியிருந்தது. இப்போது எல்லாமே ஒரே அளவில் மங்கல். லென்ஸை மாற்றினாலும் தீராத சிக்கல் இது. விலை கூடிய லென்ஸ் வாங்கச் சொல்லும் கடைக்காரர் பேச்சை இந்த ஓர் இடத்தில் நம்ப வேண்டாம். கோளாறு ஒளியின் இயல்பிலேயே இருக்கிறது.

கேமரா வருவதற்கு முன்னால் இந்தச் சிக்கலை மனிதக் கை ஏற்கெனவே தீர்த்திருந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ராபர்ட் ஹூக் 1665இல் வெளியிட்ட ‘மைக்ரோகிராஃபியா’வில் தெள்ளுப்பூச்சி மடித்து வைத்த பெரிய தாளில் விரிந்து நிற்கிறது. முதுகின் ஓடு, கால் மயிர், வாயுறுப்பு எல்லாம் ஒரே தெளிவில். அவருடைய நுண்ணோக்கி அப்படி ஒரு காட்சியை ஒருநாளும் காட்டியிருக்க முடியாது. பல வெளிச்சங்களில், பல நிலைகளில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்து, உருவம் மனதில் உறுதிப்பட்ட பிறகே வரைந்ததாக ஹூக்கே சொல்லியிருக்கிறார். காலைப் பார்க்கும்போது கால் தெளிந்திருக்கும், அதை வரைந்துகொள்வார், பிறகு ஓடு. தெளிந்த துண்டுகள் தாளில் ஒன்றுசேரும். பூச்சியியல் நூல்களுக்கு வரைந்த ஓவியர்கள் பின்னாலும் நுண்ணோக்கியின் திருகை ஏற்றியிறக்கிக் கொண்டே இப்படித்தான் வரைந்தார்கள்.

ஃபிலிம் காலத்தில் வேறொரு வழி பிறந்தது. 1964இல் டான் மெக்லாக்லன் என்ற அமெரிக்கர் விளக்கிய முறை அது. இருட்டறையில் மெல்லிய தகடு போன்ற ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்ச வேண்டும். அந்த ஒளித்தகடு லென்ஸ் தெளிவாகப் பார்க்கும் தளத்தில் மட்டும் விழ வேண்டும். கேமராவின் ஷட்டர் திறந்தே இருக்க, பொருள் மெதுவாக லென்ஸை நோக்கி உயரும். ஒளி படும் இடம் எப்போதும் தெளிந்த இடம். மங்கும் இடங்களில் ஒளியே படாது, ஆகவே ஃபிலிமில் பதியாது. நல்ல யோசனை. ஆனால் கருவி நுட்பமாக அமைய வேண்டும், வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே தட்டையாக விழும். சில ஆய்வகங்களோடு நின்றுவிட்டது.

1965இல் ஸ்கேனிங் எலெக்ட்ரான் நுண்ணோக்கி விற்பனைக்கு வந்தது. ஆழத்தில் அதற்கு இணை கிடையாது. பாடப்புத்தகங்களில் நாம் பார்த்த எறும்பின் முகம், ஈயின் கண் எல்லாம் அதன் கைவண்ணம். ஆனால் அது ஒளியால் பார்ப்பதில்லை, ஆகவே நிறம் தெரியாது. வழக்கமாகப் பொருளின் மேல் உலோகப் பூச்சு ஏற்றி வெற்றிடத்தில் வைப்பார்கள். வாலஸ் கைப்பட்ட ஒரு வண்டின் மேல் தங்கம் பூச எந்தக் காப்பாளரும் கையெழுத்துப் போட மாட்டார். போடவும் கூடாது.

கணினி வந்த பிறகு ஹூக்கின் வழியே திரும்பி வந்தது. பொருளை அசைக்காமல் வைத்து, கேமராவை நுண்ணிய தண்டவாளத்தில் ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளி ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம். ஒவ்வொரு படத்திலும் ஒரு மெல்லிய தளம் மட்டும் தெளிவு. அப்பளக்கட்டைப் போல அடுக்கி வைத்த அந்தப் படங்களை மென்பொருள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும். கேமரா நகர நகரப் பொருளின் அளவு சற்றே மாறும், அதைச் சரிசெய்யும். பிறகு ஒவ்வொரு சிறு இடத்துக்கும் எந்தப் படத்தில் விளிம்பு கூர்மையாக இருக்கிறது என்று பார்த்து அந்தத் துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்று இதைச் சொல்கிறார்கள். மயிர்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் இடத்தில் மென்பொருள் தடுமாறும். முன்னால் நிற்கும் மயிரின் மங்கல் நிழல் பின்னாலுள்ள ஓட்டின் மேல் வளையமாகப் படியும். அங்கே கையால்தான் திருத்த வேண்டும்.

செரம் வண்டு இழுப்பறையிலிருந்து வெளியே வந்தது இதற்காகத்தான். லெவோன் பிஸ் விளையாட்டு வீரர்களையும் மனித முகங்களையும் எடுத்துப் பழகிய பிரிட்டிஷ் படக்காரர். மகன் தோட்டத்தில் கண்டெடுத்த பூச்சியில் தொடங்கிய ஆர்வம் அவரை ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசேர்த்தது. அங்கே பூச்சிப் பிரிவில் இருந்த ஜேம்ஸ் ஹோகனோடு உட்கார்ந்து அந்தப் பெருங்கூட்டத்திலிருந்து மாதிரிகளைத் தேர்ந்தெடுத்தார். 2016 மே மாதம் ‘மைக்ரோஸ்கல்ப்சர்’ என்ற கண்காட்சி அதே அருங்காட்சியகத்தில் திறந்தது. பூச்சியின் ஓட்டில் உள்ள குழி, வரி, மேடு ஆகியவற்றுக்குப் பூச்சியியலார் வைத்திருக்கும் பெயரையே தலைப்பாக்கினார்கள்.

பிஸ் பயன்படுத்திய கருவியைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 36 மெகாபிக்சல் கேமரா, 200 மில்லிமீட்டர் லென்ஸ், அதன் முன்னால் பத்து மடங்கு காட்டும் நுண்ணோக்கி ஆப்ஜெக்டிவ். அவ்வளவுதான். பத்து மடங்கில் முழு ஃபிரேமும் வண்டின் மேல் 3.6க்கு 2.4 மில்லிமீட்டர் இடத்தைத்தான் அடைக்கும். ஆகவே ஒரு வண்டை முப்பது பகுதிகள் அளவுக்குப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. பத்து மடங்கு ஆப்ஜெக்டிவில் தெளிவின் ஆழம் பத்து மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். கேமராவை அவர் நகர்த்தியதும் படத்துக்குப் பத்து மைக்ரான். மனித மயிர் ஒன்றின் தடிமன் சராசரி 75 மைக்ரான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பகுதியின் மேடுபள்ளம் 3 மில்லிமீட்டர் என்றால் அதற்கு மட்டும் 300 படம், முப்பது பகுதிக்கு 9,000. ஒரு பூச்சிக்கு எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் படங்கள் என்று அவர் சொல்வது இப்படித்தான் வருகிறது. எடுத்து, அடுக்கி, ஒட்டி முடிக்க ஒரு பூச்சிக்குச் சுமார் நான்கு வாரம்.

இந்த அளவு நெருக்கத்தில் படமெடுக்கும் அறை எப்படி இருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்து அறையில் யாராவது நடந்தால் சட்டகத்துக்குள் வண்டு ஆடும். தெருவில் லாரி போனால் அந்த அடுக்கு வீண். அதனால்தான் ஃப்ளாஷ், அதன் வெட்டு அவ்வளவு குறுகிய நேரம் என்பதால் அதிர்வு படத்தில் பதிய நேரம் இருக்காது. தூசி இன்னொரு தொல்லை. கண்ணுக்கே தெரியாத துகள் பத்து மடங்கில் பாறையாக நிற்கும்.

பொன்வண்டு என்றால் இதற்கு மேலும் ஒரு சிக்கல். அதன் நிறம் சாயத்தால் ஆனதல்ல. ஓட்டின் மேற்புறத்தில் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க மெல்லிய அடுக்குகள் இருக்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கூடிச் சில நிறங்களை வலுவாக்கும், சிலவற்றை அடக்கும். சாயம் வெளுக்கும், இந்த அடுக்கு வெளுப்பதில்லை. செரத்தில் பிடிபட்ட வண்டு நூற்றைம்பது ஆண்டு கழித்தும் மினுங்குவது இதனால்தான். ஆனால் பளபளக்கும் பரப்பு கண்ணாடியைப் போல விளக்கையே திருப்பிக் காட்டும். ஒரே வெளிச்சத்தில் முழு வண்டையும் எடுத்தால் பாதி வெள்ளைத் திட்டு, பாதி கறுப்பு. பிஸ் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக விளக்கை மாற்றி வைத்தார். உணர்கொம்புக்கு ஒரு வெளிச்சம், தோளுக்கு ஒன்று, அதை முடித்துவிட்டு அடுத்ததற்கு வேறு. தனக்குப் பழக்கமான முக ஒளிப்படத்தின் கவனத்தை அவர் வண்டின் கணுக்காலுக்குக் கொடுத்தார் என்றே சொல்ல வேண்டும்.

முடிந்த படம் மூன்று மீட்டர் வரை பெரிதாக அச்சாகிச் சுவரில் நின்றது. நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாலும் ஒரே பார்வையில் கிடைக்காத ஓட்டின் வேலைப்பாடு அங்கே நின்றபடியே தெரிந்தது: வரிசை வரிசையாகக் குழிகள், குழிகளுக்கு இடையே ஓடும் மேடுகள். ஏன் இப்படி என்று கேட்டால் பல அமைப்புகளுக்குப் பூச்சியியலில் இன்னும் முடிவான விடை இல்லை. பெரிதாகப் பார்க்கும்போதுதான் கேள்வியே எழுகிறது.

இப்படி அடுக்கிச் சேர்த்த படம் உண்மையான படமா என்று சிலர் கேட்கிறார்கள். எந்தக் கண்ணும் ஒரு நொடியில் இதைப் பார்த்ததில்லை. படத்தில் உள்ள வெளிச்சம் ஒரே நேரத்தில் அந்த வண்டின் மேல் விழுந்ததும் இல்லை. சரிதான். ஆனால் மங்கிய படத்தை உண்மை என்று சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. மங்கல் லென்ஸின் இயலாமை, வண்டுக்கு அதில் பங்கில்லை. ஓட்டில் இல்லாத ஒரு வரியை மென்பொருள் சேர்த்தால் அது பொய். இருக்கும் வரிகளை இருந்த இடத்திலேயே தெளிவாக்கிக் காட்டினால் அது ஹூக் செய்த வேலை. பிஸ் செய்ததில் கற்பனைக்கு இடமிருந்தது வெளிச்சத்தில் மட்டும், அதுவும் வடிவத்தை மறைக்காமல் எடுத்துக்காட்டுவதற்கு. நான் அந்தப் படங்களின் பக்கம் நிற்கிறேன்.

இந்த வழி எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். வேலமரத்தில் இலை தின்றுகொண்டிருக்கும் உயிருள்ள பொன்வண்டு முந்நூறு படம் வரை காத்திருக்காது. காற்று ஒரு கிளையை அசைத்தால் போதும். அங்கே ஒன்றே செய்ய முடியும்: வண்டின் நீண்ட பக்கம் சென்சாருக்கு இணையாக இருக்கும்படி நின்று, கிடைக்கும் ஒரு மில்லிமீட்டரை அதன் உடம்போடு சேர்த்துக் கிடத்துவது. அல்லது கொஞ்சம் தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது. ஆழம் உடனே கூடும். நாணயம், நகை, விதை போன்ற அசையாத பொருள்களுக்குத்தான் அடுக்கு முறை. அதற்கு ஆக்ஸ்ஃபோர்டுக் கருவியும் தேவையில்லை. ஃபோகஸைத் தானே படிப்படியாக நகர்த்தி எடுக்கும் வசதி இன்று பல கேமராக்களில் இருக்கிறது. அடுக்கித் தரும் மென்பொருள் இலவசமாகவும் கிடைக்கிறது. நகர்வு தெளிவின் ஆழத்தைவிடக் குறைவாக இருந்து, ஒரு படத்தின் தெளிவு அடுத்ததோடு கொஞ்சம் மேற்படிய வேண்டும். இடைவெளி விட்டால் படத்தில் குறுக்கே மங்கல் பட்டை விழும். அதைப் பிறகு எதுவும் நிரப்பாது.

கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2018இல் பூச்சி அருங்காட்சியகம் திறந்தது. நம் வயல்களிலும் மலைகளிலும் பிடித்த பூச்சிகளை இதே பொறுமையோடு யாராவது எடுத்து ஆளுயரத்துக்கு மாட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. தீப்பெட்டிப் பொன்வண்டில் தொடங்கலாம்.

படம் வந்துவிட்டதே, இனி அந்த ஊசிகுத்திய வண்டு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. படத்தில் இருப்பது ஒரு பக்கம், ஒரு கோணத்து நிறம். வண்டைத் திருப்பினால் நிறம் மாறும். அடிவயிறும் கால்களின் உட்புறமும் தெரியும். நாளை ஒருவர் அதன் இனத்தைப் பற்றிச் சந்தேகம் எழுப்பினால் அங்கேதான் பார்க்க வேண்டியிருக்கும். செரத்தில் பிடிபட்டது என்பதற்குச் சான்று ஊசியில் கோத்த சீட்டு. ஒன்பதாயிரம் படத்தில் ஒன்றிலும் அந்தச் சீட்டு இல்லை.